அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமா?

அரசலாறு
ஜூன் 9, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி.

அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 74 வயது. கும்பகோணம் வீட்டில் தனியாக இருக்கிறாள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் பழைய வீடு. அதில் ஒரே ஓர் ஆள். நான் நங்கநல்லூரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தம்பி கனடாவில்.

போன வாரம் மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. பால்காரர் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லி, மாமி எனக்குச் சொன்னார். அந்த மூன்று நாளும் நான் தினம் போன் செய்திருக்கிறேன். "சாப்பிட்டாச்சு. நன்னா இருக்கேன். நீ சாப்பிட்டியா?" இந்த மூன்று வாக்கியம்தான் வரும். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பூத்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தம்பி வீடியோ காலில், "அம்மாவை நீ கொண்டுபோய் வைத்துக்கொள், வீட்டை விற்றுவிடலாம்" என்கிறான், பழைய பேப்பரை எடைக்குப் போடுவது போல. என் வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் இந்த "உன் இஷ்டம்" இருக்கிறதே, அதற்கு "வேண்டாம்" என்றே சொல்லிவிடலாம். நாளைக்கு ஏதாவது ஆனால் அது என் இஷ்டத்தால் ஆனதாக இருக்கும்.

அழைத்து வந்தவர்கள், வராமல் விட்டவர்கள், வந்த பிறகு வருத்தப்பட்டவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.


மாடித்தோட்டம்
ஜூன் 10, காலை 6.05

முதலில் ஒரு வாய் காபி குடியுங்கள். இரவு பதினொன்றரைக்கு எடுக்கிற எந்த முடிவும் காலையில் நிற்காது.

நான் அழைத்து வந்தவள். மாமனார் தவறிய பதினாறாம் நாளே மாமியாரைப் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குக் கூட்டி வந்துவிட்டோம். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. அவர் காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார், பழக்கம். எங்கள் வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்கு என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். ஹாலில் இருட்டிலேயே ஆறு மணி வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லைங்க, ஏறக்குறைய மூன்று மாதம். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். பயந்து அலறிவிட்டேன்.

இருந்தாலும் அழைத்து வாருங்கள் என்றுதான் சொல்வேன். ராத்திரியில் விழுந்தால் பால்காரர் வருகிற வரை தரையில் கிடக்க வேண்டுமே. ஆனால் பதினாறாம் நாளே வேண்டாம், அவ்வளவுதான்.


ஜங்ஷன்பெட்டி
ஜூன் 10, காலை 9.20

தங்கச்சி, நான் மறுகட்சி.

எனக்கு 68. பாளையங்கோட்டையில் தனியாகத்தான் இருக்கேன். வீட்டுக்காரி போய் ஆறு வருஷம். மகன் ஓசூருக்கு வரச் சொல்லித் தொண்டை வற்றக் கத்துகிறான். போனேன், நாற்பது நாள் இருந்தேன். பேரன் நல்லவன், மருமகள் அதைவிட நல்லவள். ஆனால் அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. "அப்பா நீங்க சும்மா உட்காருங்க." நாற்பது நாள் சும்மா உட்கார்ந்து பாரு, அப்போது தெரியும். இங்கே நான் காலையில் போகலைன்னா டீக்கடைக்காரன் ஆள் விட்டுப் பார்ப்பான்.

அம்மாவிடம் கேட்டாச்சா? உன் பதிவில் தம்பி சொன்னது இருக்கு, மாப்பிள்ளை சொன்னது இருக்கு, பால்காரர்கூட வாரார். அம்மா என்ன சொன்னாங்கங்கிறது மட்டும் இல்லை.


அரசலாறு
ஜூன் 10, மதியம் 1.10

கேட்கவில்லை அண்ணாச்சி. உறைத்தது.


இரவுப்பணி
ஜூன் 10, மாலை 4.45

அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சென்னையா கும்பகோணமா என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு கேள்வி. ஏன் விழுந்தார்?

"மழை, வழுக்கியது" என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி நேரம் அது உண்மையில்லை. ரத்த அழுத்த மாத்திரை போடுகிறாரா? படுக்கையில் ஒரு தடவை, எழுந்து நின்று ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒரு தடவை அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் சட்டென்று இறங்கினால் அதுதான் ஆளைச் சாய்க்கிறது. தூக்க மாத்திரை எதுவும் உண்டா? கண்புரை? சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் வைட்டமின் பி12, சோடியம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்க வேண்டும். ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போகிறார், வழியில் விளக்கு இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் சென்னைக்குக் கூட்டி வந்தால் சென்னையில் விழுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. போனில் அதே மூன்று வாக்கியம் என்றீர்களே, அவருக்குக் காது கேட்கிறதா? காது மந்தமானவர்கள் போனில் அப்படித்தான் சமாளிப்பார்கள். அடுத்து என்ன கேட்பீர்கள் என்பது தெரியும், அதற்கான பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்காமல், "இன்று மல்லிகை முழம் என்ன விலை?" என்று கேளுங்கள்.


அரசலாறு
ஜூன் 10, இரவு 8.30

கேட்டேன்.

"சாப்பிட்டாச்சு" என்றாள்.


தயிர்சாதம்
ஜூன் 10, இரவு 9.15

அக்கா 😔

(எங்கள் பாட்டி பெங்களூரில் எங்களோடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். செக்யூரிட்டி அண்ணனிடம் கன்னடம் கற்றுக்கொண்டு இப்போது எங்களுக்கே மொழிபெயர்க்கிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகாது என்று சொல்ல வந்தேன். இந்த நேரத்தில் சொல்லலாமா என்று தெரியவில்லை.)


பனிமூட்டம்
ஜூன் 11, காலை 7.50

நானும் கனடாதான், ஸ்கார்பரோவில் இருந்து எழுதுறன். ஊர் யாழ்ப்பாணத்தில சாவகச்சேரிப் பக்கம்.

அரசலாறு அக்கா, உங்கட தம்பியின் பக்கமும் கொஞ்சம் கதைக்க விடுங்கோ. "வீட்டை வித்துப்போடுவம்" எண்டு நானும் சொன்னனான், என்ர அக்காவுக்கு. அவ ஒரு வருசம் என்னோட கதைக்கேல்லை. தூரத்தில இருக்கிற ஆளுக்கு இரவு ரெண்டு மணிக்குப் போன் அடிச்சா நெஞ்சு நிண்டு போகும். எடுக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் நினைச்சு முடிச்சிடுவம். அந்தப் பயத்துக்கு ஒரு முடிவு வேணும் எண்டுதான் ஏதாவது ஒண்டைச் சொல்லுறது. காசு அனுப்புறது மட்டும்தான் எங்களால ஏலும் எண்ட வெக்கமும் இருக்கு.

தம்பிக்கு ஒரு வேலை குடுங்கோ. மருந்துக் கணக்கோ, கரண்ட் பில்லோ, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோட கதைக்கிறதோ, அவருக்கெண்டு ஒண்டு. எங்கட வீட்டில அப்பிடித்தான் சரிவந்தது.


வெற்றிலைக்கொடி
ஜூன் 12, காலை 10.00

இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. நான் இருப்பது தாராசுரம். கும்பகோணத்துக்குள் எந்தத் தெருவாக இருந்தாலும் ஸ்கூட்டியில் கால் மணி நேரம்தான். நீங்கள் சரி என்றால் ஒரு நடை அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முகவரியை இங்கே போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள். பக்கத்து வீட்டு மாமியிடமும் நான் வருவதைச் சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாத ஆளை நம்பிக் கதவைத் திறக்கச் சொல்லக் கூடாது, அது நானாகவே இருந்தாலும்.


வெற்றிலைக்கொடி
ஜூன் 15, இரவு 9.30

போய் வந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஐந்து நிமிடம் மணி அடித்தேன். உள்ளே டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது, மணிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. மாமிதான் கொல்லைப் பக்கமாக அழைத்துப் போனார். "உங்க பொண்ணோட சிநேகிதி" என்றேன், சந்தேகமாகப் பார்த்தார். தாராசுரம் என்றதும் எந்தத் தெரு, யார் வீடு, ஐராவதேஸ்வரர் கோவிலுக்கு எந்தப் பக்கம் என்று குறுக்கு விசாரணை. பாஸ் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன், காபி கிடைத்தது.

கொல்லையில் பறித்த வெற்றிலை ஒரு கவுளி கொண்டுபோயிருந்தேன். "எனக்கெதுக்கும்மா இனிமே இது?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, கீழே வைத்தேன். பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, ஈரத் துணியில் அடுக்கினார். நூறையும். கிளம்பும்போது பார்த்தால் வாய் சிவந்திருந்தது.

டம்ளரை வைக்க அடுக்களைக்குப் போனேன். பிரிட்ஜைத் திறந்தது தப்புதான், மன்னியுங்கள். உள்ளே எட்டுக் கிண்ணம் தயிர், சில கிண்ணங்களில் மேலே மஞ்சள் ஏடு. என்னம்மா இது என்று கேட்டேன், கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. பால்காரர் இன்னமும் ஒரு லிட்டர் ஊற்றுகிறாராம், உங்கள் அப்பா இருந்தபோது வாங்கிய கணக்கு. "பாதியா குறைச்சுக்கோன்னு வாய் வரலை" என்றார். காபிக்குப் போக மிச்சமெல்லாம் உறை. சாப்பாடு என்று பார்த்தால் மூன்று வேளையும் அந்தத் தயிரும் நார்த்தங்காயும்தான். ஒரு ஆளுக்காக யார் குழம்பு வைப்பது என்கிறார்.

முற்றத்தில் பாசி. அதை மட்டும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.


அரசலாறு
ஜூன் 15, இரவு 10.50

எட்டுக் கிண்ணம்.

அப்பாவுக்கு ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் பால் வேண்டும். அந்தக் கணக்கு. பதினோரு மாதமாக நான் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், "என்ன சாப்பிட்டாய்" என்று கேட்டதே இல்லை.

வெற்றிலைக்கொடி, உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.


தயிர்சாதம்
ஜூன் 15, இரவு 11.05

இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.


இரவுப்பணி
ஜூன் 16, காலை 5.40

பெயரெல்லாம் இருக்கட்டும். மூன்று வேளையும் தயிர்சாதம் என்றால் அந்தப் பி12 சோதனை கட்டாயம். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்ற சோதனை. முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.


அரசலாறு
ஜூன் 28, மாலை 6.20

போய்விட்டு வந்தேன், அதாவது ஊருக்கு. உழவன் எக்ஸ்பிரஸில் போய் உழவனில் திரும்பி, நடுவில் நாலு நாள்.

அழுக்கு அடைப்பு இல்லை. இரண்டு காதிலும் நடுத்தர அளவுக் குறைபாடு. கருவி வைக்க ஏற்பாடு ஆகிவிட்டது, தம்பி செலவு. பனிமூட்டம் சொன்னதைக் கேட்டு அவனுக்கு இந்த வேலையைக் கொடுத்தேன். எந்தக் கருவி, எத்தனை சேனல், பேட்டரியா சார்ஜரா என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். அவன் இப்படி அக்கறையாக எதையும் செய்து நான் பார்த்து இருபது வருடம் இருக்கும்.

பி12 மிகவும் குறைவு, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். எழுந்து நின்றால் அழுத்தமும் இறங்குகிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸம்மா, நீங்கள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

அண்ணாச்சி, கேட்டேன். "2028 மகாமகம் வரைக்கும் இந்த ஊரை விட்டு எங்கேயும் வர்றதா இல்லை" என்றாள். 2016இல் அப்பாவோடு குளத்தில் முழுக்குப் போட்டிருக்கிறாள். ஆடி பிறந்ததும் ஒரு மாதம் மட்டும் வந்து இரு என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.


ஜங்ஷன்பெட்டி
ஜூன் 28, இரவு 7.15

நல்லது. நான் மத்திய அரசு வேலையில் இருந்தவன், உங்க அப்பாவும் அப்படித்தான் என்று முன்னே ஒருதரம் நீ சொன்னே. அதனால் ரெண்டு சங்கதி.

அம்மாவுக்கு வருகிற குடும்ப ஓய்வூதியத்துக்கு நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கணும். பாங்கில் போய் நிற்க வேண்டாம், தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம், ஆதாரை வைத்து டிஜிட்டலாகவே முடித்துவிடுவார். 80 முடிந்தால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், அப்போது யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நீதான் கணக்கு வச்சுக்கணும்.

வீடு விஷயம். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, நீ, தம்பி மூணு பேருக்கும் சமபங்கு. அம்மா கையெழுத்து இல்லாமல் முழுசாக விற்க முடியாது. இதைத் தம்பிக்குச் சண்டையாகச் சொல்லாதே, தகவலாகச் சொல்லு. அம்மாவைப் பிள்ளைகள் பேருக்கு எழுதி வைக்கச் சொல்லி இப்போது யாரும் அவசரப்படுத்த வேண்டாம். அந்த அவசரத்தில் பிரிந்த குடும்பம் எங்க தெருவிலேயே ரெண்டு இருக்கு.


அரசலாறு
ஜூலை 31, இரவு 11.20

அம்மா வந்து இரண்டு வாரம் ஆகிறது. உண்மையைச் சொல்லட்டுமா? முதல் நாலு நாள் சொர்க்கம். காதில் கருவியோடு என் பெண்ணிடம் அரட்டை, எனக்கு வெந்தயக் குழம்பு. அதற்கப்புறம் இழுபறிதான்.

முப்பத்தெட்டுப் படி. ஏறும்போது ஒரு தடவை எண்ணினாள், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. பால்கனியில் நின்று குப்பை வண்டி வருகிறதா என்று பார்க்கிறாள். என் அடுக்களையில் பருப்பு டப்பாவையெல்லாம் இடம் மாற்றிவிட்டாள். நான் ஆபீஸிலிருந்து வந்து கடுகைத் தேடிக் கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ரூமுக்குள் போய்விட்டாள்.

அந்த மேஜையில் கிடந்த கருவியைப் பார்க்க வேண்டுமே. இதைவிட என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.


நேர்படப்பேசு
ஆகஸ்ட் 1, காலை 8.00

முழு இழையையும் படித்தேன். பெற்ற தாயை வைத்துப் பார்க்க இத்தனை ஆலோசனை, இத்தனை கூட்டம்! நம் பாட்டிமார் இப்படியா கணக்குப் பார்த்தார்கள்? கடுகு டப்பாவுக்காகத் தாயை அழவைக்கும் காலம்.


ஜங்ஷன்பெட்டி
ஆகஸ்ட் 1, காலை 8.25

வாருங்கய்யா. எங்க பாட்டியைப் பார்த்துக்கொண்டது எங்க அம்மா. அம்மாவுக்கு அதில் என்ன கஷ்டம் என்று வீட்டில் ஒரு ஆம்பளை கேட்டதில்லை, நான் உட்பட. இங்கே ஒருத்தி கேட்கிறாள். உங்களுக்கு என்ன இடைஞ்சல்?


மாடித்தோட்டம்
ஆகஸ்ட் 1, காலை 8.40

அரசலாறு, மேலே இருப்பதைப் படிக்காமல் தாண்டிப் போங்கள். எங்கள் மாமியார் சாம்பார்ப் பொடியில் தண்ணீர் ஊற்றி வைத்த கதை என்னிடம் இருக்கிறது, போனில் சொல்கிறேன். நான் அன்று பேசிய பேச்சுக்குக் கடுகு எல்லாம் ஒன்றுமே இல்லைங்க.

ஒரே ஒரு அலமாரியை அம்மாவுக்கென்று விட்டுவிடுங்கள். அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது வேலை செய்தது.


அரசலாறு
ஆகஸ்ட் 3, இரவு 9.00

இன்று ஆடிப்பெருக்கு. காலையில் தானாகவே பேச ஆரம்பித்தாள். "மேட்டூர்ல திறந்துட்டாளாமே, அரசலாத்துல தண்ணி வந்திருக்கும்." நான் பக்கெட்டில் தண்ணீர் வைத்து மஞ்சள் போட்டுப் பூ வைத்துக் கும்பிடலாம் என்றேன். சரி என்று கும்பிட்டாள். பிறகு அந்தத் தண்ணீரைக் குளியலறையில் கொட்ட மனசில்லாமல் மத்தியானம் வரைக்கும் பக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் சுவரைப் பிடிக்க, முப்பத்தெட்டுப் படியும் இறங்கி வேப்ப மரத்துக்கு ஊற்றினோம். மேலே வந்ததும் நானே சொன்னேன். "அம்மா, ஆவணியில உன்னைக் கொண்டுபோய் விடறேன்."

நான் தோற்றுப்போன மாதிரியும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது.


மாடித்தோட்டம்
ஆகஸ்ட் 3, இரவு 9.20

நான்தான் அழைத்து வரச் சொன்னவள். திருப்பிக் கொண்டுவிடுங்கள். (எனக்கு ஒரு செய்தி: பதினாலு வருடத்துக்குப் பிறகு திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். பள்ளி அலுவலகத்தில் கணக்கு. டேலி என்கிற கணக்கு மென்பொருளில் கை நடுங்குகிறது. இதைத் தனி இழையாகத் தொடங்க வெட்கமாக இருந்தது, இங்கேயே சொல்லிவிட்டேன்.)


இரவுப்பணி
ஆகஸ்ட் 4, காலை 5.30

மாடித்தோட்டம்!! முதல் வாரம் மதியம் சாப்பாட்டுக்குக் கூட யாரும் கூப்பிடாமல் தனியாக உட்கார வேண்டி வரும். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வாரம் ஊறுகாய் கொண்டுபோங்கள்.


தயிர்சாதம்
செப்டம்பர் 18, இரவு 1.35

யாராவது விழித்திருக்கிறீர்களா?

இன்று மதியம் பத்து நிமிட மீட்டிங். என் பொறுப்பையே எடுத்துவிட்டார்களாம். ஆறு வருடம் இரண்டு மாதம். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. ஜனவரியில் கல்யாணம்.


அரசலாறு
செப்டம்பர் 18, இரவு 1.50

நான் விழித்திருக்கிறேன். தனிச்செய்தியில் என் நம்பர் போட்டிருக்கிறேன். கூப்பிடுங்கள், பேச வேண்டாம் என்றால் சும்மா லைனில் இருங்கள்.


அரசலாறு
செப்டம்பர் 18, காலை 7.10

எல்லாருக்கும்: பேசினோம், இரண்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரம் அவர் பேசியது கிரிக்கெட். தூங்கப் போய்விட்டார். தூங்கி எழட்டும், உடனே லிங்க்டின் அறிவுரை எல்லாம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


ஜங்ஷன்பெட்டி
செப்டம்பர் 18, காலை 10.40

அறிவுரை இல்லை. காகிதம் மட்டும்.

தம்பி, ஐந்து வருஷம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி மாதச் சம்பளத்தில் அதற்குக் கணக்கில் வருகிற பகுதியை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கு, அதை ஆறு வருஷத்தால் பெருக்கு. அந்தத் தொகை முப்பது நாளுக்குள் வரணும். அனுபவச் சான்று, விடுவிப்புக் கடிதம் இரண்டையும் வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், வீட்டில் யார் பேர் அதில் இருந்தாலும் அவங்களுக்கும் சேர்த்துத்தான். அதே காப்பீட்டு நிறுவனத்தில் சொந்தப் பாலிசியாக மாற்றித் தருவார்களா என்று இன்றைக்கே எழுதிக் கேளு.

அப்புறம், அப்பாவிடம் சொல்லிவிடு. என் மகன் இப்படி ஒன்றை நாலு மாசம் என்னிடம் மறைத்தான். வேலை போனது எனக்கு வலிக்கலை, அந்த நாலு மாசம் வலிச்சது.


தயிர்சாதம்
செப்டம்பர் 20, மாலை 5.00

சொல்லிவிட்டேன். அப்பா ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, அதனால கல்யாணம் நடக்கும்" என்றார். பெண் வீட்டில் அவளே பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். பாட்டி செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லி, இப்போது அபார்ட்மென்ட் முழுக்க எனக்கு வேலை தேடுகிறது.

அக்கா, அந்த ராத்திரிக்கு நன்றி. கோஹ்லி பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.


அரசலாறு
அக்டோபர் 12, காலை 11.30

ஊரிலிருந்து எழுதுகிறேன். என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டவர்களுக்கு: முன்கட்டு அறையை ஒரு கல்லூரி ஆசிரியைக்கு வாடகைக்கு விட்டாச்சு. வாடகை குறைவு, ராத்திரி ஒன்பதுக்குள் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். முற்றத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு. அழைப்பு மணிக்கும் கூடத்தில் பெரிய விளக்காகப் போட்டுவிட்டோம், மணி அடித்தால் கண்ணில் தெரியும். தம்பி ஞாயிறு காலை அவளிடம் சமையல் கேட்டுச் சமைக்கிறான், வீடியோவில். போன வாரம் மோர்க்குழம்பு திரிந்துவிட்டதாம், அம்மா சிரித்த சிரிப்பு முன்கட்டு வரை கேட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ராத்திரி போன் அடித்தால் எனக்கு இன்னும் தூக்கிப் போடுகிறது. பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று நேற்று நான்தான் சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டாள். ஆசிரியை ராத்திரி பால் குடிப்பவள் என்று தெரிந்ததும் அவளே வாசலுக்கு வந்து முக்கால் லிட்டர் ஆக்கிவிட்டாள்.


வெற்றிலைக்கொடி
நவம்பர் 6, மதியம் 12.45

உயிர்ச்சான்று முடிந்தது! தபால்காரர் வரும்போது நானும் போயிருந்தேன். விரல் ரேகை பதியவே இல்லை, பாத்திரம் தேய்த்த கை. பிறகு செல்போனில் முகத்தைக் காட்டச் சொன்னார். கண்ணை மூடித் திறக்க வேண்டும் என்றால் அம்மா சாமி படத்தின் முன் நிற்கிற மாதிரி மூடிக்கொண்டு திறக்கவே இல்லை. நாலாவது தடவைதான் ஏற்றது. "நான் உயிரோட இருக்கேன்னு இதுக்கு நம்பிக்கை வர இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு ஜாடி உப்பு நார்த்தங்காய் கிடைத்தது.


மாடித்தோட்டம்
நவம்பர் 6, மாலை 6.30

எனக்கும் அந்த நார்த்தங்காய் பக்குவம் வேண்டும். ஆபீஸில் என் ஊறுகாய் தீர்ந்துவிட்டது, எல்லோரும் டப்பாவைத் திறந்து பார்க்கிறார்கள். சுருளாக வெட்ட வேண்டுமா, துண்டாகவா? எத்தனை நாள் வெயில்?


அரசலாறு
நவம்பர் 6, இரவு 8.10

சுருளாகத்தான் வெட்டுவாள், எத்தனை நாள் வெயில் என்பது எனக்கும் தெரியாது. நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன். நாலு மணிக்கு மேல்தான் முடியும், அதுவரைக்கும் ஆசிரியையோடு டிவி பார்க்கிறாள், போனை எடுக்க மாட்டாள்.